சலாம் சொல்லும் தூரம்

கல்முனைக் கடற்கரையிற் கரைவலை இழுபடும் காலை வேளையில் அங்கே கமராவுடன் ஒருவர் வந்து நிற்பாராயின், மறுகணம் நிகழும் மாற்றம் கூர்ந்து நோக்கத்தக்கது. அதுவரை கயிற்றின் இழுப்புக்கு இசைவாக எழுந்துகொண்டிருந்த அம்பாப் பாடல் முதலில் தளர்கின்றது. முன்னால் நிற்பவர் சாரனை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொள்கின்றார். சிறுவர் எங்கிருந்தோ ஓடிவந்து வலைக்கும் கமராவுக்கும் இடையே சுவராகி நிற்கின்றனர். கயிற்றைப் பிடித்த கைகள் பிடித்தபடியே இருக்க, முகங்கள் மாத்திரம் திரும்பி, அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கப்படுவோர் முகங்கள் போல உறைந்துவிடுகின்றன. படம் எடுத்தாயிற்று என்று தெரிந்த பின்னரே பாடல் மீண்டும் தொடங்குகின்றது. எதனைப் படமெடுக்க அவர் வந்தாரோ அது அவர் வந்ததனாலேயே நின்றுபோய், அவர் போவதற்காகக் காத்திருக்கின்றது.

இந்த இடர்ப்பாட்டைக் கடக்க நிழற்படம் எடுப்போர் கைக்கொள்ளும் வழிகள் இரண்டு. தோணிகளின் மறைவில் ஒதுங்கி நின்று, 200 மில்லிமீற்றர் குவியத்தூரமுடைய நெடுவில்லையினாற் காட்சியை அருகே இழுத்துக்கொள்வது ஒரு வழி. சிறிய கமரா ஒன்றைக் கையிற் கொண்டு கயிற்றருகே சென்று, இழுப்போரிடையே ஒருவராக நின்றுவிடுவது மற்றைய வழி. இரண்டாவது வழிக்கென்றே அமைந்தது போன்ற கருவி றேஞ்ச்பைண்டர் கமரா ஆகும். தூரமறி கமரா என்று அதனைத் தமிழில் வழங்கலாம். எனினும் விற்போரும் பழுதுபார்ப்போரும் ஆங்கிலப் பெயரையே சொல்லிப் பழகிவிட்டமையால் அப்பெயரே இங்கும் கையாளப்படுகின்றது.

ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரிலிருந்த லைற்ஸ் நிறுவனத்தில் ஒஸ்கார் பார்னாக் வடிவமைத்த லைக்கா, 1925இல் விற்பனைக்கு வந்தது. திரைப்படத்துக்கெனத் தயாரிக்கப்பட்ட 35 மில்லிமீற்றர் பிலிமைக் கையடக்கமான கமராவிற் பயன்படுத்தும் வழக்கம் அதனாலேயே பரவலாயிற்று. தூரமறியும் பொறியை வில்லையோடு இணைத்த லைக்கா 2, கொன்டாக்ஸ் ஆகிய இரண்டும் 1932இல் வெளிவந்தன. அன்று தொட்டு இக்கமராவைப் புகழ்வோர் சொல்லிவரும் சிறப்பு ஒன்றே: அது சிறியது, ஓசை குறைந்தது, ஆகவே எவரும் அறியாமற் படமெடுக்க உதவுவது. இக்கூற்று பரிஸ் நகரத் தெருவுக்கோ நியூயோர்க்கின் சுரங்க ரயிலுக்கோ பொருந்தலாம். கல்முனைக் கரையில் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது வேறு கேள்வி.

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று வடக்கிலிருந்து தெற்காக ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் கரை அது. கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டைகள், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிலே முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறிமாறி அமைந்துள்ளன. இங்கே அந்நியர் என்று ஒருவர் அரை நாளுக்கு மேல் இருத்தல் அரிது. காலையிற் சந்தையில் எவருடைய முகத்தைக் களவாகப் படம் பிடித்தாரோ, அவருடைய சகோதரர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அடுத்த வரிசையில் அமர்ந்திருப்பார். அவருடைய மகள் இவருடைய வகுப்பிற் படித்துக்கொண்டிருப்பாள். களவெடுத்துக்கொண்டு ஓடி மறைய இவ்வூர்களில் இடமில்லை.

சாய்ந்தமருதைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவருக்கு இக்கேள்வி வெறும் கலைக்கேள்வியாக இருக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் வளைகுடா நாடொன்றிலிருந்து ஊர் திரும்பிய அவருடைய வாப்பா, வானொலிப்பெட்டியோடும் துணிமணிகளோடும் ஒரு கெனனெற் கமராவையும் கொண்டுவந்திருந்தார். அக்கமராவாலெடுத்த படங்கள் இரண்டு அல்பங்களை நிறைத்தன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஞாயிறு காலையில் எழுந்த கடல், அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்துணை பேரை இழக்கவில்லை. அந்த வீட்டின் அல்பங்களும் அன்று போயின. ஷட்டர் இறுகிப் பழுதடைந்திருந்த கமரா, கொழும்பிற் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் பல மாதங்களாகத் தேடுவாரற்றுக் கிடந்தமையால் எஞ்சியது.

பின்னர் உறவினர் வீடுகளிற் கேட்டுப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. கலியாணப் படங்கள், கத்னாப் படங்கள், ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட நாளிற் குடும்பமாக நின்றெடுத்த படம் ஆகியவை ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிரதியாவது அகப்பட்டன. நின்றெடுத்த படங்களுக்குப் பிரதி எடுத்து உறவினருக்குக் கொடுப்பது வழக்கம். அவருடைய உம்மா முற்றத்திற் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கையில், யாரோ அழைக்கத் திரும்பிய கணத்தில் வாப்பா எடுத்த படமோ எங்கும் இல்லை. ஓரம் மங்கிய, கை சற்று அசைந்த, ஒரு பிரதி மாத்திரமே அச்சிட்ட படம் அது. யாரும் அதற்குப் பிரதி கேட்டதில்லை. வீட்டுக்கு வீடு இவ்வாறு அழிந்தவை எல்லாம் அத்தகைய படங்களே. அதன் பின் சில வாரங்களுக்கு உலகின் கமராக்கள் எல்லாம் இக்கரைக்கு வந்து சென்றன. இடிந்த சுவர்களும் வரிசையிற் கிடத்திய மையித்துகளும் அழும் முகங்களும் உலகப் பத்திரிகைகளிற் பதிவாகின. சந்தையில் மீன் பேரம் பேசும் முகம், தறியின் முன் குனிந்த முதுகு, நோன்புக் கஞ்சிக்காகப் பாத்திரத்தோடு நிற்கும் சிறுவன் என்பனவற்றை எடுக்க எவரும் வந்திலர். ஆசிரியர் பழைய கமராவைத் திருத்தி எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இதுவே.

கருவியின் அமைப்பை இனி நோக்கலாம். பெருவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, முதலில் ஒரு கண்ணாலும் பின் மறுகண்ணாலும் பார்த்தால், விரல் பின்னாலுள்ள தென்னையிலிருந்து விலகி இடம்மாறுவது போலத் தோன்றும். விரல் அண்மித்துவர விலகல் கூடும். இரு கண்களுக்கிடையிலுள்ள தூரத்தை அடியாகக் கொண்டு மூளை தூரத்தை மதிப்பிடும் முறைகளுள் இதுவும் ஒன்று. றேஞ்ச்பைண்டர் கமராவின் முகப்பிலுள்ள இரு சாளரங்கள் இரு கண்களின் தொழிலையே செய்கின்றன. ஒன்றினூடாக முழுக் காட்சியும், மற்றொன்றினூடாக அக்காட்சியின் நடுப்பகுதியும் வந்து, நோக்குவோர் கண்ணில் ஒன்றன்மேலொன்றாகப் படிகின்றன. வில்லையின் வளையத்தைத் திருப்ப, நடுவிலுள்ள மங்கலான சிறு சதுரத்தில் இரட்டையாகத் தெரியும் முகம் நெருங்கி நெருங்கி ஒன்றாகும். ஒன்றாகிய இடத்திற் குவியம் சரி. சாளரங்களுக்கிடையிலுள்ள தூரம் கூடக் கூடவும், நோக்கியின் உருப்பெருக்கம் கூடக் கூடவும் அளவீடு நுட்பமாகும். 1954இல் வந்த லைக்கா எம்3இன் நோக்கி 0.91 மடங்கு உருப்பெருக்கம் உடையது. கண்ணாற் காணும் அளவுக்கு ஏறத்தாழச் சமமாகையால் மறுகண்ணையும் திறந்துவைத்தே படமெடுக்கலாம்.

எஸ்.எல்.ஆர். எனப்படும் ஆடிக் கமராவில் வில்லையினூடாகவே காட்சியைக் காண்கிறோம். நெடுவில்லைக்கும் மிக அண்மைப் படங்களுக்கும் அதுவே ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் பொத்தானை அழுத்துகையில் ஆடி மேலெழ வேண்டும்; அந்தக் கணத்தில் நோக்கி இருண்டுவிடும். எந்தக் கணம் படத்திற் பதிந்ததோ அந்தக் கணத்தை எடுத்தவர் கண்ணாற் காண்பதில்லை. றேஞ்ச்பைண்டரில் ஆடி இல்லை. ஆதலால் அறைந்தாற் போன்ற ஓசையும் இல்லை, இருளும் இல்லை. நோக்கியிற் சட்டத்தைக் காட்டும் ஒளிக்கோடுகளுக்கு வெளியேயும் காட்சி தெரிவதால், சட்டத்துக்குள் நுழையப்போகும் சைக்கிள்காரரை முன்கூட்டியே காணலாம். இவற்றிலும் முக்கியமாகப் பலர் கருதாத ஒன்றுண்டு. நோக்கி கமராவின் நடுவிலன்றி இடப்புற ஓரத்தில் அமைந்திருப்பதால், வலக்கண்ணாற் பார்ப்பவருடைய முகம் முழுதும் மறைவதில்லை. எதிரே நிற்பவருக்கு ஒரு கண்ணும் பாதிப் புன்னகையும் தெரிகின்றன.

இவ்வகைக் கமராவை இன்று வாங்க விழைவோர் முதலில் நோக்க வேண்டியது பணப்பை. 1984இல் வெளிவந்து, 2022இல் மீண்டும் தயாரிக்கப்படத் தொடங்கிய லைக்கா எம்6 போன்றவை ஆசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளத்தை விழுங்குவன. ஜப்பானின் கொசினா நிறுவனம் 1999 முதல் 2015 வரை வொய்க்லாண்டர் பெஸ்ஸா என்னும் பெயரில் ஓரளவு மலிவான கமராக்களைச் செய்தது. அந்நிறுவனத்தின் வில்லைகள் இன்றும் கிடைக்கின்றன. பழைய சோவியத் ஒன்றியத்தின் சோர்க்கி-4 மலிவானது, கனமானது, ஒரு பிடிவாதமும் உடையது: பிலிமை முன்னே சுற்றிய பின்னரே ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். முன்பின்னாகச் செய்தவர் பலர் பொறியைக் கெடுத்துக்கொண்டனர்.

எஞ்சுவன 1960களிலும் 1970களிலும் ஜப்பானில் இலட்சக்கணக்கிற் செய்யப்பட்ட, வில்லை கழற்ற முடியாத சிறு கமராக்கள். யஷிக்கா எலெக்ரோ 35இன் 45 மில்லிமீற்றர் வில்லை மிகக் கூரியது. எனினும் அதன் ஷட்டர் மின்கலத்தை நம்பியது. மின்கலம் தீர்ந்தால் ஒரே வேகத்தில் மாத்திரம் இயங்கும். 1972இல் வந்த கெனனெற் கியூ.எல். 17 ஜீ-3 அவ்வாறன்று. 40 மில்லிமீற்றர் குவியத்தூரமும் எப் 1.7 துவாரமும் கொண்ட அதன் வில்லை, செக்கனில் நாலிலொரு பங்கு முதல் 500இலொரு பங்கு வரையான வேகங்கள் ஆகியவை மின்கலமின்றியும் தொழிற்படும். ஒளிமானி மாத்திரம் உறங்கிவிடும். அதற்குரிய பாதரச மின்கலம் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. செவிப்புலன் கருவிக்குரிய 1.4 வோல்ற் நாக மின்கலத்தை ஒரு வளையத்துள் வைத்து இட்டால் ஒளிமானி ஏறத்தாழச் சரியாகவே பேசுகின்றது. பின்கதவின் ஓரங்களிலுள்ள கறுத்த நுரைப்பஞ்சு நாற்பது ஆண்டுகளிற் பிசினாகிவிட்டிருக்கும். அதனைச் சுரண்டி எடுத்துக் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டுவது எவரும் வீட்டிற் செய்யக்கூடிய வேலை. வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று: தூரத்துத் தென்னையொன்றை நோக்கி வளையத்தை முடிவிலிக்குத் திருப்பினால் இரட்டை உருவம் ஒன்றாகின்றதா, மெதுவான வேகங்களில் ஷட்டர் இழுபடுகின்றதா, வில்லையை விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சணம் தெரிகின்றதா என்பன. கடற்கரை ஊர்களிற் பூஞ்சணமே முதற்பகை. தோலுறை அழகானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணத்துக்கு வீடாவதும் அதுவே. பிஸ்கற் தகரமும் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் போதும்.

வில்லையைத் தெரிவதே உண்மையில் தீர்க்கமான தெரிவு. வில்லையின் குவியத்தூரம் எவ்வளவு காட்சியை அடக்கும் என்பதைக் குறிக்கின்றது என்றே நூல்கள் கூறும். ஒரு மனிதனை எவ்வளவு தூரத்தில் நின்று படமெடுக்க வேண்டும் என்பதையும் அது தீர்மானித்துவிடுகின்றது. இடுப்புக்கு மேற்பட்ட உருவம் சட்டத்தை நிரப்ப, 200 மில்லிமீற்றர் வில்லையோடு பெருந்தெருவின் மறுபக்கத்தில் நிற்கலாம். அங்கிருந்து பேச முடியாது, கூவத்தான் வேண்டும். 35 அல்லது 40 மில்லிமீற்றர் வில்லையாயின் ஒன்றரை மீற்றர் அளவில் நிற்க வேண்டும். அது சலாம் சொல்லும் தூரம். அவ்வளவு அண்மையில் வந்து நின்று சலாம் சொல்லாமற் படமெடுத்தல் கல்முனையில் எவராலும் இயலாது. சொன்னாற் பதிலும் வரும், பதிலோடு கேள்வியும் வரும்.

அண்மை வில்லைக்கு மற்றுமோர் அனுகூலம் உண்டு. 35 மில்லிமீற்றர் வில்லையில் எப் 8 துவாரத்தை வைத்து மூன்று மீற்றருக்குக் குவியப்படுத்தினால், ஏறத்தாழ 1.9 மீற்றரிலிருந்து 7 மீற்றர் வரை யாவும் தெளிவாக விழும். அதே துவாரத்தில் 50 மில்லிமீற்றர் வில்லை 2.3 மீற்றரிலிருந்து 4.2 மீற்றர் வரையே தெளிவு தரும். ஆகவே சந்தையின் நெரிசலில் இரட்டை உருவத்தை ஒன்றாக்க நேரம் இல்லாதபோது, மூன்று மீற்றரில் வளையத்தை நிறுத்திவிட்டு, தூரத்தைக் கால்களால் அளந்துகொள்ளலாம்.

தன்னியல்பான படங்களின் பேராசான் எனப் போற்றப்படும் ஆன்றி கார்ட்டியே பிறெசோன் 50 மில்லிமீற்றர் வில்லையையே பெரிதும் விரும்பினார். லைக்காவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு நாடாவால் மூடினார். பிளாஷ் விளக்கை வெறுத்தார். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷி 14ஆந் திகதி இரவு சமாதியடையும் வரையிலான இறுதி நாள்களிற் சிலவற்றை அவர் படமெடுத்தார். மரணத்தை எதிர்நோக்கிக் கூட்டம் சூழ்ந்திருந்த அவ்விடத்திற் பெரிய கமராவும் விளக்கும் எவ்வளவு அருவருப்பாக இருந்திருக்கும் என எண்ணினால், சிறு கமராவின் மரியாதை விளங்கும். எனினும் 1952இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற தொகுதியின் பிரெஞ்சுத் தலைப்பு வேறொரு செய்தியைச் சொல்கின்றது. அதிலுள்ள தொடர், உரிமமின்றித் தெருவோரத்திற் கடை விரித்து, பொலிசாரைக் கண்டதும் சுருட்டிக்கொண்டு ஓடும் வியாபாரியின் அவசரத்தையும் கள்ளத்தையும் குறிக்க வழங்குவது. ஆங்கிலத் தலைப்பு தீர்க்கமான கணம் என்று கம்பீரமாக மாறியபோது, அந்தக் கள்ளம் மறைந்துபோயிற்று. மூலத்தலைப்பே நேர்மையானது என்று தோன்றுகின்றது.

கள்ளத்தின் விலையை ஆசிரியரும் ஒருமுறை கொடுத்தார். நண்பரிடமிருந்து ஆடிக் கமராவையும் நெடுவில்லையையும் இரவல் பெற்று, தோணி ஒன்றின் மறைவிலிருந்து, கடலை நோக்கித் தனியே அமர்ந்திருந்த முதிய மீனவர் ஒருவரை எடுத்தார். படம் நன்றாகவே வந்தது. வளைந்த முதுகு, மங்கிய அடிவானம், ஒரு பெருந்துயரம். அதனைப் பாடசாலைக் கண்காட்சியில் வைத்தபோது அம்முதியவரின் மகன் வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை.

"ஏன் சேர், எங்கட வாப்பாவ இப்பிடி அநாத மாதிரி எடுத்திருக்கீங்க? கூப்பிட்டிருந்தா வந்து கதைச்சிருப்பாரே."

அம்முதியவர் அன்று காலை வலை வரும்வரை இளைப்பாறிக்கொண்டிருந்தாராம். அவ்வளவே. துயரம் வில்லையினுடையது, பின்னணியையெல்லாம் மங்கலாக்கி மனிதனை ஊரிலிருந்து பிரித்தெடுத்தது அதுதான். ஆசிரியர் படத்தை இறக்கி, நெகட்டிவோடு மகனிடம் கொடுத்துவிட்டார்.

மருதமுனையில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. கைத்தறிச் சாரன்களுக்குப் பெயர்போன அவ்வூரின் தறிக்கொட்டில் ஒன்றில், கெனனெற்றோடு அவர் நுழைந்தபோது முதிய நெசவாளர் நாடாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சலாமுக்குப் பதில் சொன்னபின் அவர் கேட்டது ஒன்றே.

"தம்பி, நீங்க ஆர்ர மகன்?"

வாப்பாவின் பெயரைச் சொன்னதும், பழைய கதைகள் சில வந்தன, தேநீரும் வந்தது. கமரா வெளிப்படையாக மடியில் இருந்தது. பேச்சினிடையே அவர் இழை அறுந்ததைக் கண்டு குனிந்து முடிந்தார். மீண்டும் நாடா ஓடத் தொடங்கிற்று. ஷட்டரின் மெல்லிய ஓசை தறியின் ஓசையில் அமிழ்ந்தது. ஓசை கேட்டிருந்தாலும் அவர் பொருட்படுத்தியிருக்கமாட்டார். படத்தில் அவர் கமராவைப் பார்க்கவில்லை. கமரா இருப்பது தெரியாதவராகவும் இல்லை. தன்னியல்பு என்பது அறியாமையிலிருந்து மாத்திரம் பிறப்பதன்று. அறிந்தும் பொருட்படுத்தாத நிலையிலிருந்தும் பிறக்கலாம். அந்நிலைக்குச் சிறு கமரா வேண்டும், அண்மை வில்லை வேண்டும், ஒரு கோப்பைத் தேநீருக்கான பொறுமையும் வேண்டும்.

முஸ்லிம் ஊர்களிற் படமெடுத்தல் பற்றிய மார்க்க விவாதத்தை ஒதுக்கிவிட்டு இப்பொருளைப் பேசுவது முறையன்று. உயிருள்ளவற்றின் உருவம் சமைத்தலை விலக்கும் ஹதீஸ்கள் நிழற்படத்துக்கும் பொருந்துமா என்பதில் உலமாக்களிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எகிப்தின் முப்தியாக விளங்கிய முஹம்மத் பகீத் அல்-முதீஈ, நிழற்படம் புதிதாக ஓர் உருவைப் படைப்பதன்று, இருக்கும் நிழலைத் தடுத்து நிறுத்துவதே என வாதிட்டு அதனை அனுமதித்தார். நிழற்படம் என்னும் தமிழ்ச் சொல்லிலேயே அவ்வாதம் அடங்கியிருப்பது வியப்பானது. இலங்கையில் 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையும் ஹஜ்ஜுக்கான கடவுச்சீட்டும் நடைமுறையில் எல்லோரையும் கமராவின் முன் அமர்த்திவிட்டன. ஆயினும் தேவைக்கு எடுப்பது வேறு, விரும்பி எடுப்பது வேறு என்று கருதுவோர் இன்றும் உளர். அவர்கள் தலையசைத்து மறுத்தாற் கமரா கீழிறங்க வேண்டும். பெண்களைப் பொறுத்தவரை இது இன்னும் கண்டிப்பானது. தலையசைப்புக்கே காத்திராமல் விலகுவதுதான் முறை. ஊரின் பாதி வாழ்க்கை இதனாற் படத்தில் விழாமற் போகின்றது என்பது உண்மையே. அப்பாதியை எடுக்கக்கூடியவர்கள் அவ்வீடுகளின் பெண்களே.

பயன்பாட்டிற் சில நுணுக்கங்கள் இக்கரைக்கே உரியன. நண்பகல் வெயிலில் 400 வேக பிலிமுக்குச் செக்கனில் 500இலொரு பங்கும் எப் 16 துவாரமும் வேண்டும். கெனனெற்றுக்கு இரண்டும் எல்லை. வெண்மணல் ஒளியை மேலும் எறிவதால் அங்கு 100 அல்லது 125 வேக பிலிமே உகந்தது. கொடியேற்றக் காலத்திற் கடற்கரைப் பள்ளியில் இரவில் எடுப்போருக்கு 400 வேகமும் எப் 1.7உம் கைகொடுக்கும். வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சாரனும் அணிந்தோரை வெள்ளைச் சுவரருகே எடுக்கையில் ஒளிமானி ஏமாந்து, முகங்களைக் கரியாக்கிவிடும். தன் புறங்கையை அதே வெயிலிற் பிடித்து அளந்துகொண்டால் முகம் தப்பும்.

லைக்கா, சோர்க்கி முதலியவற்றின் ஷட்டர் துணியாலானது. முன்னே மறைப்பதற்கு ஆடியும் இல்லை. கடலிலிருந்து நேரே எழும் காலைச் சூரியனை நோக்கி மூடியில்லாத வில்லையைச் சிறிது நேரம் வைத்துவிட்டால், பூதக்கண்ணாடி கடதாசியை எரிப்பது போலத் துணியில் ஊசித்துளை விழும். மூடியிட்டு வைத்தாலோ வேறொரு விபத்து. நோக்கி தனிச் சாளரமாதலால், மூடி கழற்றப்படாததை அது காட்டிக்கொடுக்காது. முழுச் சுருளையும் மூடியோடு எடுத்து, கழுவிப் பார்த்து, வெறும் கண்ணாடி போன்ற பிலிமைக் கண்டவர்கள் இக்கலையில் அநேகர். உறவினர் நிக்காஹ் ஒன்றின் முற்பாதியை ஆசிரியரும் அவ்வாறே இழந்தார் என்பதை இன்றும் அவ்வீட்டார் நினைவூட்டத் தவறுவதில்லை.

கழுவுதலும் இங்கே தனிப் பாடம். நூல்கள் சொல்லும் 20 பாகை செல்சியஸ் இக்கரையின் நீரில் எந்த மாதத்திலும் இல்லை. 28, 30 பாகையில் உருத்துலக்கியின் வேகம் கூடிவிடும். நேரத்தை மிகக் குறைத்தாற் கறைகறையாகத் துலங்கும். ஐஸ் கட்டிகளைப் பொலித்தீன் பையிலிட்டுப் பெரிய பேசினில் மிதக்கவிட்டு, போத்தல்கள் எல்லாவற்றையும் அதனுள் நிறுத்தி 24 பாகை வரையாவது இறக்கிக்கொள்ள வேண்டும். எல்லாத் திரவங்களும் ஒரே வெப்பநிலையில் இருப்பது அதனினும் அவசியம். குளிர்ந்த திரவத்திலிருந்து சூடான நீருக்குப் பிலிமைத் திடீரென மாற்றினால் மேற்பூச்சு வறண்ட குளத்துச் சேறு போல வெடிக்கும். கடலை அண்டிய கிணறு உவர்ப்பாக இருந்தால் இறுதிக் கழுவலுக்குக் காய்ச்சி வடித்த நீர் ஒரு போத்தலாவது வேண்டும். இத்தனை பாடுபட்டு 36 படங்களிற் கையிற் கிடைப்பவை மூன்றோ நாலோ.

கையடக்கத் தொலைபேசி எல்லோரிடமும் உள்ள காலத்தில் இந்தப் பாடு எதற்கு என்று மாணவர் கேட்பது நியாயமே. தொலைபேசியிற் படங்கள் பல்கிவிட்டன. ஆனால் தொலைபேசி உடைந்ததும் அவை போய்விட்டதாகச் சொல்லும் வீடுகளும் பல்கிவிட்டன. 1944இற் காலமான லயனல் வென்ட் இலங்கையின் நிழற்பட முன்னோடி. லைக்காவும் றொலிபிளெக்ஸும் கையாண்டவர். அவருடைய நெகட்டிவ்கள் அவரது மறைவுக்குப் பின் அழிக்கப்பட்டன. இன்று அவருடைய படங்களைக் காண முடிவது அவர் அச்சிட்டு வைத்த பிரதிகளாலும், 1950இல் வெளிவந்த தொகுதியாலுமே.

ஆசிரியர் இப்போது ஒவ்வொரு நல்ல படத்தையும் மூன்று பிரதிகள் எடுக்கின்றார். ஒன்று படத்திலிருப்பவருக்கு. மருதமுனை நெசவாளர் தம்முடையதைப் பார்த்துவிட்டு, முகம் தெரியவில்லையே என்று சற்றுக் குறைப்பட்டாராம். பின்னர் தறிக்கம்பத்தில் அதை ஒட்டிவைத்திருக்கின்றார். இரண்டாவது பிரதி ஆசிரியரின் வீட்டில். மூன்றாவது பிரதியும் நெகட்டிவ் சுருளும் பிஸ்கற் தகரத்தில் அடைபட்டு, கடலிலிருந்து வயல்களுக்கு அப்பாலுள்ள சம்மாந்துறையில், அவருடைய மச்சான் வீட்டு அலுமாரியின் மேற்தட்டுக்குப் போகின்றன. தகரங்கள் ஐந்தாகிவிட்டன, அலுமாரியில் இடம் போதவில்லை என்று மச்சான் முறையிடத் தொடங்கியுள்ளார்.